கார் நுழையாத ஷெட்

தட்டிக் கேட்காமல் மீரா சாகிப் பாய் எதையும் நம்பமாட்டார். நேற்றுக் காலை என் வீட்டு வாசலில் நின்றபடி காபி டம்ளரை வாங்கியவர் உடனே குடித்துவிடவில்லை. ஆட்காட்டி விரல் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டினார். டம்ளரை வலது காதுப் பக்கம் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "நல்லா இருக்கு டீச்சர்" என்றார். காபியைச் சொன்னாரா, டம்ளரைச் சொன்னாரா என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அவர் கைக்கு எட்டும் எதுவும் ஒரு தட்டு வாங்காமல் தப்பாது. தேங்காய், பூட்டு, தண்ணீர்க் குழாய், என் வீட்டு இரும்புக் கேட் எல்லாம் வாங்கியிருக்கின்றன. ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடியில விரிஞ்சிருக்கு. அடுத்த கல்யாணத்துக்குத் தாங்காது" என்று மாப்பிள்ளையைப் பெற்ற அத்தாவிடமே சொன்னார். சொன்னது தேக்சாவைப் பற்றித்தான் என்று அந்த வீட்டாருக்குப் புரியவைப்பதற்குள் அவர் மனைவி அனீஸாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் பாய் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. கார் தெருவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்க, கார் ஷெட்டில் நீல வெளிச்சம் அடிக்கும் வீடு அது ஒன்றுதான். மருமகன் வாங்கிய காருக்காக அனீஸா ஆசை ஆசையாகக் கட்டிய ஷெட். தரைக்கு டைல்ஸ், சுவருக்கு இளம்பச்சை, மேலே ஒரு மின்விசிறி. கார் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் பாய் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். இருபத்து மூன்று வருடம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த மனிதருக்கு ஊரில் நான்காவது நாளே கை நமநமத்தது. ஐந்தாவது நாள் வெல்டிங் மெஷின் ஷெட்டுக்குள் போனது. இப்போது காரின் தார்ப்பாய்க்கு அடியில் தெருப் பூனை மூன்றாவது முறையாகக் குட்டி போட்டிருக்கிறது.

"காருக்கு என்ன அனீஸா, மழையில நனைஞ்சா தொடச்சுக்கலாம். மெஷின் நனைஞ்சா ஆளையே தூக்கிடும்" என்பது பாயின் வாதம். மருமகன் ஊருக்கு வரும்போது மட்டும் அனீஸா ஷெட் வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்துவிடுவார்.

வேலைக்கென்று இரண்டு பேன்ட் வைத்திருக்கிறார் பாய். இரண்டும் முழங்காலில் பொத்தல் விழுந்த கனத்த துணி. மற்ற நேரமெல்லாம் கைலிதான். கைலியில் இருந்தால் அவரோடு எதையும் பேசலாம், சிங்கப்பூர் மழையிலிருந்து கூத்தாநல்லூர் வாடா பலகாரம் வரைக்கும். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டால் பக்கத்தில் போய் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை நகராட்சியிலிருந்து வந்தவர் இது தெரியாமல் பேச்சுக் கொடுத்து, அரை மணி நேரம் தெருவில் பூனைக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட், கிரில், ஜன்னல் கம்பி என்று யாராவது வந்தால் பாய் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். "அதுக்கெல்லாம் ரோட்டுல நாலு கடை இருக்கு. சட்டுனு பத்த வெச்சுக் குடுப்பாங்க. நல்ல பசங்க." அவர் எடுத்துக்கொள்வது வார்ப்பிரும்பை மட்டும். அதிலும் மற்றவர்கள் கும்பிடு போட்டு ஒதுங்கும் வேலை ஒன்று உண்டு. உடைந்த வார்ப்பிரும்போடு புது ஸ்டீலைச் சேர்ப்பது. டிராக்டர் பாகம், மாவு மில்லின் தாங்கி, பழைய அடிபம்பின் கைப்பிடி என்று டெல்டாவில் உடையாத வார்ப்பிரும்பு இல்லை. உடைந்த துண்டு சேற்றிலோ ஆற்றிலோ போய்விட்டிருக்கும். அந்த இடத்தில் ஸ்டீலை வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். இரண்டும் இரும்புதானே என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"என்னா டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? ஸ்டீலு வளைஞ்சு குடுக்கும். காஸ்டிங்கு வளையாது, ஒடஞ்சு போயிடும். சூட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்கும். ஆறும்போதுதான் ஒண்ண ஒண்ணு இழுக்கும். அதான் நடுவுல நிக்கல் ராடு. அது ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக் குடுக்கும்."

நான் முதன்முதலில் அவரிடம் போனது காது உடைந்த தோசைக்கல்லோடு. அது என் கோபத்தில் உடைந்தது, அந்தக் கதை இங்கே வேண்டாம். கல்லை வாங்கித் தட்டினார். சமையலறை ஜன்னலிலிருந்து "கல்லுல விரிசல் இல்ல, காது மட்டுந்தான்" என்று அனீஸாவின் குரல் வந்தது. பாய் கண்ணைத் திறந்து, "கல்லுல விரிசல் இல்ல டீச்சர். காது மட்டுந்தான்" என்று தன் தீர்ப்பை வழங்கினார். பிறகு எத்தனை வருடம் எண்ணெய் குடித்த கல் என்று விசாரித்தார். பதினாறு என்றேன். "அப்ப அது இரும்பு இல்ல, பலகாரம்" என்றார். பற்றவைப்பதற்கு முன்னால் அந்த எண்ணெயை எரித்து வெளியேற்ற வேண்டுமாம். கரி அடுப்பில் அவர் கல்லை வைத்த ஒரு மணி நேரமும் தெரு முழுக்கத் தோசை மணம். எதிர் வீட்டில் ஆள் அனுப்பி என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அந்தக் கல்லில்தான் இன்று காலை வரைக்கும் தோசை வார்க்கிறேன். ஸ்டீல் பிடி இம்மியும் அசையவில்லை.

வேலையைப் பார்த்தால் பாதி சமையல் என்றுதான் தோன்றும். முதலில் கிரைண்டரில் ஒரு ஓரத்தைத் தேய்த்துத் தீப்பொறியைப் பார்ப்பார். வார்ப்பிரும்பு என்றால் பொறி மங்கலாகச் சிவந்து கிட்டத்திலேயே அணைந்துவிடும். ஸ்டீல் என்றால் வெளிறி நீளமாகப் பாய்ந்து மத்தாப்பாக வெடிக்கும். பிறகு அரை டிரம்மில் கரி மூட்டி, இரண்டையும் சேர்த்து வைத்துச் சூடேற்றுவார். எவ்வளவு சூடு என்று காட்டும் கருவி கப்பல் பட்டறையில் இருந்ததாம். இங்கே ஒரு பால்பவுடர் டின்னில் நெல் இருக்கிறது. நாலு மணியை எடுத்து இரும்பின் மேல் போடுவார். கருகாமல், கிடந்து விழிக்காமல், போட்ட கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகப் பொரிந்தால் ராடை எடுப்பார். "கருவி பொய் சொல்லும் டீச்சர். நெல்லு பொய் சொல்லாது."

ராடைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்துவிடமாட்டார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. உடனே உருண்டைத் தலைச் சுத்தியலால் அதன்மேல் தட்டல், குழந்தையைத் தூங்கவைக்கிற அளவுக்கு. கொஞ்ச நேரம் காத்திருப்பு. அடுத்த கோடு நேர் எதிர்ப் பக்கத்தில். எல்லாம் முடிந்ததும் சூடு தணிவதற்குள் உமிச் சாம்பலில் புதைத்துவிடுவார். அரிசி ஆலைகளில் உமியை எரித்து மிஞ்சும் சாம்பல், மூட்டை மூட்டையாக இங்கே கிடைப்பது. அதற்குள் புதைந்த இரும்பு மறுநாள் காலை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். அது ஆறுகிற நேரமெல்லாம் பாய் சாம்பல் தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "பாத்துக்கிட்டே இருந்தா எடுக்கணும்னு தோணும்."

ஷெட்டின் சுவரில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு ஆணியில் தையல் மெஷினின் மிதிபலகை தொங்குகிறது. குறுக்கே இரண்டாக வெடித்தது. அது அனீஸாவின் மெஷின். பாய் ஊர் வந்த முதல் ஐப்பசியில் அதற்கு ஸ்டீல் பட்டை வைத்துப் பற்றவைத்துச் சாம்பலில் புதைத்தார். ஆலையில் சாம்பல் பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து மூட்டை கட்டுவார்கள் என்பது சிங்கப்பூர்க்காரருக்குத் தெரியவில்லை. மேலே காய்ந்த சாம்பல், உள்ளே ஈரம். பத்து நிமிடத்தில் உள்ளிருந்து டிங்கென்று ஒரு சத்தம் வந்ததாக அனீஸா சொல்வார். ஆணி அடித்து மாட்டியவரும் அவர்தான். பாய் அதைக் கழற்றவில்லை. "இருக்கட்டும். அது என் சர்டிபிகேட்டு" என்பார் வருகிறவர்களிடம்.

அன்றிலிருந்து சாம்பல் அனீஸாவின் இலாகா. எந்த மூட்டை வந்தாலும் கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் பின்கட்டு அடுப்பில் பெரிய தேக்சாவை ஏற்றி, ரவை வறுப்பதுபோல் நீளக் கரண்டியால் கிளறிக் கிளறி வறுப்பார். சாம்பல் கையில் ஒட்டாமல் தண்ணீராக வழிய வேண்டும். நாற்பது பேருக்குச் சமைத்த தேக்சா அது. திட்டிக்கொண்டேதான் வறுப்பார், ஆனால் வேறு யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார்.

போன ஐப்பசிக் கடைசியில் ஐந்து நாள் விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு ஒரு குட்டியானை வண்டி பாய் வீட்டு வாசலில் வந்து நின்றது. முழங்கால் வரை சேறு அப்பிய ஒருவர் சாக்கில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். செல்லதுரை என்று பெயர், வெண்ணாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். விடுமுறையில் எனக்கு வேறு என்ன வேலை, குடையோடு நானும் போய் நின்றேன்.

சாக்கில் இருந்தது ஆயில் எஞ்சினோடு சேர்ந்து தண்ணீர் இறைக்கும் பம்பின் வார்ப்பிரும்புக் கூடு. தண்ணீர் வெளியே போகும் கழுத்து உடைந்து போயிருந்தது.

"ஒம்பது மா சம்பா பாய், மூணு ஏக்கரு. நட்டு இருவத்தஞ்சு நாளாவுது. வடிகாலும் வயலும் ஒண்ணா நிக்குது, தண்ணி தானா வடியாது. எஞ்சின வெச்சு எறைச்சுக்கிட்டு இருந்தேன். வரப்பு சரிஞ்சு எஞ்சின் மதகுக் கல்லுல போயி மோதிருச்சு. ஒடஞ்ச துண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு, தொழாவிப் பாத்துட்டேன், கெடைக்கல. ரோட்டுக் கடையில பைப்பு வெச்சுப் பத்த வெச்சேன். அர மணி நேரம் நின்னுச்சு."

"வேற எஞ்சினு?" என்றார் பாய்.

"யாருகிட்ட இருக்கு? எல்லாரு வயலும் முழுகிக் கெடக்கு. இதே கூடு புதுசா வரணும்னா ஒரு வாரம்ங்கறாங்க." கூட்டில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்தார். "எங்கப்பா கூலிக்கு நட்ட வயலு பாய் அது. போன வருசந்தான் எம் பேருக்கு மாறுச்சு. நாலு நாளா பயிரு தண்ணிக்குள்ள இருக்கு. இன்னிக்கு விடியக்காலம் ஒரு பயிரப் புடுங்கித் தண்டக் கிள்ளிப் பாத்தேன். இன்னும் நறுக்குங்குது. ரெண்டு நாள் போச்சுன்னா நசுங்கிடும்."

உயிருள்ள பயிரின் அடித்தண்டு நகம் பட்டால் நறுக்கென்று ஒடியும், அழுகியது சத்தமில்லாமல் நசுங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பாய் உள்ளே போனார். திரும்பி வந்தபோது பேன்ட் போட்டிருந்தார்.

ரோட்டுக் கடைப் பற்றவைப்பைக் கிரைண்டரால் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரமானது. ஒரு கையளவு ஸ்டீல் பைப்பை அறுத்துக் கழுத்துக்குப் பொருத்தமாகத் தேய்த்தார். இதற்கிடையே சாம்பல் இல்லை என்று அனீஸா சொல்ல, செல்லதுரை வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடி இரண்டு மூட்டையோடு வந்தார். பெருமையாகத்தான் இறக்கினார். அனீஸா கையை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, இத பிழிஞ்சா குடிக்கலாம்." தேக்சா அடுப்பேறியது. மழை ஒரு பக்கம், புகை ஒரு பக்கம், அந்த வீட்டில் அன்று சோறு மூன்று மணிக்குத்தான் வெந்தது.

கரி சிவந்ததும் பாய் டின்னிலிருந்து நாலு நெல்லைப் போட்டார். அவை பொரிந்து வெளுத்ததைச் செல்லதுரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். நெல் வேறு எந்த வேலைக்கெல்லாம் ஆகிறது என்று அவர் யோசித்திருக்கக் கூடும். அல்லது தன் ஒன்பது மாவை நினைத்திருக்கலாம். அதன்பின் கட்டைவிரல் நீளக் கோடுகளும் சுத்தியல் தட்டல்களுமாகக் கழுத்தைச் சுற்றி இரண்டு வட்டம் வந்தார் பாய். நாலு மணிக்குக் கூடு வறுத்த சாம்பலுக்குள் போனது.

"எப்ப எடுக்கலாம் பாய்?"

"காலையில."

செல்லதுரையின் முகம் விழுந்துவிட்டது. "காலையிலயா? ஆறின கஞ்சி பழங்கஞ்சி பாய். இப்ப குடுத்தா ஆறு மணிக்கு எஞ்சின் ஓடும். கம்பியில மாட்டி எடுத்துத் தண்ணியில ஒரு முக்கு முக்கினா என்ன?"

பாய் தண்ணீர் என்ற சொல்லுக்கே அதிர்ந்துபோனார். எழுந்து, செல்லதுரையின் கையைப் பிடித்து, ஆணியில் தொங்கிய மிதிபலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அனீஸாதான் தேக்சாவைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும் தம்பி. சொல்றதக் கேளுங்க. இப்ப எடுத்தீங்கன்னா பம்பும் போச்சு, பயிரும் போச்சு."

செல்லதுரை பாயின் முகத்தைப் பார்த்தார். பாய் அதற்குள் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மழையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அந்த உறுதி எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதனின் வயல் அழுகிக்கொண்டிருக்கும்போது இப்படி ஓர் ஆள் அசையாமல் உட்காரலாமா என்று நினைத்தேன்.

மறுநாள் ஆறரை மணிக்கே வண்டி வந்துவிட்டது. மழை தூறலாகியிருந்தது. பாய் சாம்பலை விலக்கிக் கூட்டை வெளியே எடுத்துத் துடைத்தார். வெறும் கையால் பிடிக்கிற சூடுதான் இருந்தது. கழுத்தைச் சுற்றிய பற்றவைப்பு வெள்ளிக் காப்பு போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, வலது காதைக் கொடுத்துக் கண்ணை மூடினார். வழக்கமாக இந்த நேரத்தில் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும். வரவில்லை. பாய் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "ஜோரா இருக்கு தம்பி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

செல்லதுரை கூட்டைத் தூக்கிவிட்டார். வண்டியும் உறுமத் தொடங்கிவிட்டது. அனீஸா பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஷெட்டுக்குள் வந்தார்.

"இன்னொரு தடவ தட்டுங்க."

"எதுக்கு? பத்த வெச்ச எடம் கண்ணாடி மாதிரி இருக்கு."

"தட்டுங்கன்னா தட்டுங்க."

பாய் கூட்டைத் திரும்ப வாங்கித் தொங்கவிட்டு வேண்டா வெறுப்பாகத் தட்டினார். எனக்கு அது ஓர் இரும்புச் சத்தம், அவ்வளவுதான். அனீஸா தலையை ஆட்டினார். "கடைசியில கரகரங்குது. எங்கேயோ விட்டிருக்கு."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று கழுத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து சுண்ணாம்பில் கோடு போடும். ஒரு கோடும் இல்லை. "பாத்தியா?" என்றார்.

"கழுத்துல இல்லங்க. காலப் பாருங்க."

கூட்டை எஞ்சின் சட்டத்தோடு சேர்க்கும் இரண்டு கால்களில் ஒன்றில் மண்ணெண்ணெய் தடவினார்கள். சுண்ணாம்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு வளர்ந்தது. மதகுக் கல்லில் மோதியபோது விட்டிருக்க வேண்டும். அப்படியே கொண்டுபோய் எஞ்சினில் மாட்டியிருந்தால் அதிர்வில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. செல்லதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்து வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். அவர் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

"தம்பி, ஒன்னு சொல்லிடுறேன். எனக்குக் காது போயி பன்னெண்டு வருசமாச்சு. கப்பலுக்குள்ள தட்டித் தட்டிப் போச்சு. பேச்சு கேக்கும், சன்னச் சத்தம் எதுவும் கேக்காது. இங்க தட்டுறதுதான் நான். கேக்குறது அவ. நேத்து ஒங்க பயிர நெனச்சுக்கிட்டு நானும் அவசரப்பட்டுட்டேன். கழுத்தையே பாத்தேன், காலப் பாக்கல. தப்பு என்னுது."

அந்த ஜன்னல் குரலைப் பற்றி எனக்கு எப்போதோ சந்தேகம் வந்திருந்தது. ஆனால் அவர் வாயால், வேலை கொண்டுவந்த ஒருவர் முன்னால், அதைச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த நிமிடத்தில்தான். அனீஸா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கால்லதான இருக்கு, தண்ணி போற வழியில இல்லையே. ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

பாய் நிமிர்ந்தார். "திரும்ப அடுப்புல ஏத்த வேணாம் தம்பி, எந்திரிங்க. விரிசலோட நுனி எங்க முடியுதோ அங்க ஒரு ஓட்டை போட்டா அது அதுக்கு மேல ஓடாது. மேல ஒரு ஸ்டீலு பட்டையக் குடுத்துப் போல்ட்டுப் போட்டுடறேன். முக்கா மணி நேரம்." பழைய குரல் வந்துவிட்டது. "இந்தப் போகத்துக்கு அது பேசாது. அறுத்துட்டு தை மாசம் கொண்டாங்க, காலையும் பத்த வெச்சுத் தர்றேன்."

சொன்னபடி முக்கால் மணி நேரத்தில் முடித்தார். இந்த முறை அவர் தட்டிவிட்டுக் கண்ணை மூடவில்லை. நேராக அனீஸாவைத்தான் பார்த்தார். அனீஸா இரண்டு முறை தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தார். கூட்டை வண்டியில் ஏற்றியதும் பாயும் பேன்ட்டோடு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வேலை கொண்டுவந்தவர்களின் ஊருக்கு அவர் போய் நான் பார்த்ததில்லை.

மதியம் ஒரு மணி சுமாருக்குத் திரும்பி வந்தார். இடுப்பு வரை சேறு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அனீஸா ஷெட்டில் உட்கார்ந்து தேக்சாவின் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"ஓடுச்சா?" என்றார் அனீஸா.

"மூணு மணி நேரமா ஓடுது. கழுத்தும் அசையல, காலும் அசையல. மேட்டுப் பக்கம் பயிரு நுனி தெரியுது."

சட்டைப் பைக்குள்ளிருந்து ஈரக் கைக்குட்டை ஒன்றை எடுத்தார். பிரித்தால் உள்ளே வேரும் சேறுமாக ஒரு சம்பாப் பயிர். அதைக் கொண்டுவந்து அனீஸாவின் காதருகே பிடித்து, அடித்தண்டை நகத்தால் கிள்ளினார். நறுக்கென்று ஒடிந்தது வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பாய்க்குக் கேட்டிருக்காது. அவர் அனீஸாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.